விறகறுக்கும் சங்கிலி வாள்: வாங்குமுன் அறியத்தக்கன

எரிவாயு அடுப்பு பெரும்பாலான வீடுகளிற் புகுந்துவிட்ட இக்காலத்தும் விறகின் தேவை நம் நாட்டில் அற்றுப்போகவில்லை. நெல் அவிக்கும் அண்டாவுக்கும், மழைக்காலத்து வெந்நீருக்கும், கலியாணச் சமையலுக்கும் இன்னும் விறகே வேண்டப்படுகின்றது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் முதலிய மாவட்டங்களில் கண்மாய்க் கரையும் தரிசு நிலமும் சீமைக்கருவேலத்தால் நிறைந்திருத்தலின் அங்கே விறகுக்குப் பஞ்சமில்லை. அறுத்துக் கொடுக்கும் ஆளுக்கே பஞ்சம். கோடரியும், இருவர் இழுக்கும் வாளும் பரணேறிவிட, அவற்றின் இடத்தைச் சங்கிலி வாள் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் இதனைச் 'செயின் சா' என்பர். ஊரார் 'மிஷின் வாள்' என்பர்.

சென்ற விடுமுறையில் எம் ஊருக்குச் சென்றிருந்தபோது, எம் சிறிய தந்தையார் தொழுவத்து மூலையிற் கிடந்த ஒரு சங்கிலி வாளை எமக்குக் காட்டினார். 58 ஸி. ஸி. எஞ்சினும் 22 அங்குல நீளப் பட்டையும் உடையது. வாங்கி இரண்டு மாதமும் ஆகவில்லை. "தம்பி, பார்வைக்கு யானை மாதிரி இருக்கிறது, ஆனால் மரத்தை அறுக்கமாட்டேன் என்கிறது, மாவாக அரைக்கிறது. வேறு நல்லதாக ஒன்று வாங்க வேண்டும், நீ சொல்" என்றார். அவர் சொன்ன சொல்லிலேயே நோய் இன்னதென்பது விளங்கிற்று. எனினும் அதனைக் கூறுமுன் இக்கருவி மரத்தை எவ்வாறு அறுக்கின்றது என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

ஜெர்மனி தேசத்து ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்பார் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளையும், 1929இல் பெட்ரோலால் இயங்குவதையும் செய்தனர். அவை இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பாரமுடையன. சங்கிலியின் பற்களோ கைவாளின் பற்களைப்போல மரத்தைக் கீறிச் சென்றன, விரைவில் மழுங்கின. அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் 1946ஆம் ஆண்டு விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு மரக்கட்டையை வண்டின் புழுவொன்று குடைந்து செல்வதைக் கண்டு நின்றார். வளைந்த இரு தாடைகளால் அப்புழு இடமும் வலமுமாக மரத்தைச் சீவி நெடுக்கும் குறுக்கும் எளிதாகச் சென்றது. அதனைப் பின்பற்றி அவர் 1947இல் அமைத்த சங்கிலியின் வழிவந்ததே இன்று நாம் காண்பது. ஒன்றுவிட்டு ஒன்றாய் இடப்புறமும் வலப்புறமும் நோக்கிய பற்கள் மரத்தைக் கீறுவதில்லை; தச்சன் இழைப்புளிபோலச் சீவி எறிகின்றன. ஆதலின் நல்ல வாளினின்று வெளிப்படுவது செதிளேயன்றித் தூளன்று. தூள் வருமாயின் பல் மழுங்கிற்று என்க. எம் சிறிய தந்தையார் எஞ்சினைப் பழித்தார். குற்றம் எஞ்சினில் இல்லை. அவர் வாளை வாங்கினார், அரத்தை வாங்கவில்லை.

இனி, வாங்குவோர் முதலிற் கேட்கும் வினா, எத்தனை ஸி. ஸி., எத்தனை அங்குலம் என்பதே. அவ்விரண்டையும் கடையிற் கேட்டறிதல் கூடாது. வீட்டுத் தோட்டத்தில் அளந்தறிதல் வேண்டும். விறகுக்கு வெட்டப்படும் சீமைக்கருவேலத் தண்டுகளுட் பெரும்பாலான ஒரு சாண் குறுக்களவுக்கு மேற்படுவதில்லை. இதற்கு 14 முதல் 16 அங்குலப் பட்டையும், 35 முதல் 45 ஸி. ஸி. எஞ்சினும் தாராளமாகப் போதும். எப்போதோ ஒருமுறை பருத்த வேம்போ புளியோ விழுமாயின், இருபுறமும் மாறி நின்று அறுத்துக்கொள்ளலாம். அல்லது தொழிலாளர் ஒருவரை அழைக்கலாம். சிறிய வாளின் விலைக்கே பெரியது கிடைக்கின்றதே என்று மயங்குவோர் பலர். நீண்ட பட்டைக்குப் பற்கள் மிகுதி. பற்கள் மிகுந்தால் அரம் போடும் வேலையும் மிகுதி. பாரத்தாற் கை சோர்கின்றது. சோர்ந்த கையில் ஓடும் வாளைப்போல் அஞ்சத்தக்கது பிறிதில்லை.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. சீமைக்கருவேலம் ஒற்றைத் தண்டாய் நில்லாது அடியிலிருந்தே பல கவடுகளாய்ப் புதர்போல் வளர்வது. முன்னுள்ள கவட்டை அறுக்கும்போது, 22 அங்குலப் பட்டையின் நுனி அதற்கப்பால் நீண்டு, கண்ணுக்குப் புலப்படாத பின் கவட்டிற் சென்று முட்டும். பட்டை நுனியின் மேற்காற் பகுதி எதிலேனும் முட்டினால், பற்கள் அங்கே சிக்குண்டு, ஓடும் சங்கிலியின் வேகமெல்லாம் பட்டையை மேலும் பின்னுமாக, அறுப்பவன் முகத்தை நோக்கி எறிகின்றது. இதனை உதைப்பு என்பர். சங்கிலி வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகின்றது; கண் இமைக்குமுன் காரியம் முடிந்துவிடும்; அறிந்து விலகுதல் என்பது இயலாது.

ஆகையால் வாங்கும் வாளில் சங்கிலி பிரேக் உண்டா என்பதையே முதலிற் பார்க்க வேண்டும். முன்கைப்பிடிக்கு முன்னே நிற்கும் தடுப்பே அதன் விசை. வாள் துள்ளும்போது மணிக்கட்டிற் பட்டோ, துள்ளலின் வேகத்தாலேயோ அது முன் சாய்ந்து சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்திவிடும். கடையிலேயே எஞ்சினை நிறுத்தி, தடுப்பை முன்னே தள்ளிவிட்டு, உறையிட்ட கையாற் சங்கிலியை இழுத்துப் பாருங்கள், அசைதல் ஆகாது. பின்னே இழுத்தால் எளிதில் நகரவேண்டும். இச்சோதனைக்கு இணங்காத கடைக்காரரிடம் வாங்காமல் வந்துவிடுதல் நன்று. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே அதிர்ச்சி தாங்கும் ரப்பரோ சுருளோ உண்டா என்பதையும் உடன் நோக்குக.

ஊரில் யாம் கண்டு நடுங்கியது, வேட்டியை மடித்துக் கட்டித் தோளில் துண்டும் போட்டுக்கொண்டு, வெறுங்காலுடன் இவ்வாளை ஓட்டும் வழக்கம். துண்டின் ஒரு நுனி போதும், சங்கிலி ஆளையே இழுத்துக்கொள்ள. கெட்டியான காற்சட்டை, மூடிய பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு ஆகிய இவற்றின் விலையையும் வாளின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். பெட்ரோல் வாளின் ஓசை 100 டெஸிபலுக்கு மேற்படுவது. நாள்தோறும் கேட்குஞ் செவி கெடும்.

பெட்ரோலா மின்சாரமா என்னும் வழக்கிற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டா. கொல்லையிற் கொணர்ந்து போட்ட மரத்தைத் துண்டாக்குதற்கு மட்டுமாயின் கம்பியுள்ள மின்சார வாளே சாலும்; ஓசை குறைவு, பராமரிப்பும் குறைவு. கண்மாய்க் கரைக்குச் செல்வோருக்குப் பெட்ரோல் வேண்டும். அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆதலின் பெட்ரோலில் எண்ணெய் கலந்தே ஊற்றல் வேண்டும். 50க்கு 1 என்று குறித்திருந்தால் 5 லிட்டருக்கு 100 மில்லி லிட்டர். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகின்றது. அது ஈரத்தை ஈர்ப்பதாதலின், மாதக்கணக்கில் வாளைச் சும்மா வைப்போர் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானே அணையும் வரை ஓட்டி வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாமையே கார்புரேட்டர் அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம்.

அரத்துக்கு வருவோம். சங்கிலியின் அளவுக்கேற்ற உருண்டை அரமே வேண்டும். சிறு வாள்களிற் பயிலும் தாழ்ந்த பல்லுடைய 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லி மீட்டர் அரமும், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லி மீட்டர் அரமும் பொருந்தும். பல்லின் மேல் விளிம்பில் குறித்த கோணத்தைப் பார்த்து, பெரும்பாலும் அது 30 பாகை, உள்ளிருந்து வெளிநோக்கி மட்டும் தள்ளுக; இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுக. இடப்பல்லுக்கு மூன்று தள்ளு எனில் வலப்பல்லுக்கும் மூன்றே. தவறினால் வெட்டு ஒருபுறம் கோணிச் செல்லும். பட்ட மரத்தினும் பச்சை மரமே எளிதில் அறுபடும். சீமைக்கருவேலம் காய்ந்தபின் இரும்புக்கு நிகர். நிலத்தை ஒட்டி அறுப்பதும் ஆகாது. ஒருமுறை மண்ணைத் தொட்டால் காலையில் போட்ட அரமெல்லாம் வீண்.

எம் சிறிய தந்தையாரின் வாளுக்கு அரம் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினோம். திண்ணையில் அமர்ந்து முக்கால் மணி நேரம் பல்லைத் தீட்டிய பின் ஒரு கட்டையை அறுத்தபோது, செதிள் தெறித்து அவர் காலடியில் விழுந்தது. அவருக்கு மகிழ்ச்சிதான், ஆயினும் அரைமணிக்குள் கை ஓய்ந்து வாளைக் கீழே வைத்தார். பின்னர் அதனை ஊரிலுள்ள மரம் வெட்டும் தொழிலாளர் ஒருவருக்கு விற்றுவிட்டு, 16 அங்குல வாள் ஒன்று வாங்கினார். புதுச் சங்கிலி முதல் நாளிலேயே சற்று நீளும். ஆதலின் அன்று மாலைக்குள் இருமுறை எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் சங்கிலியை இறுக்கிக் கொடுத்துவிட்டு யாம் கல்லூரிக்குத் திரும்பினோம்.