வலிக்காத புண்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

பாதம் கழுவும் சடங்கிற்காகப் பன்னிருவர் பீடத்தின் முன் அமர்ந்திருந்தனர். ஏழாவதாக இருந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். ஓசூர்ப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் நெடுங்காலம் உழைப்பவர். அவருடைய வலது பாதத்தை ஏந்தி நீர் வார்த்தபோது, பெருவிரலின் அடியில் ஏதோ என் விரலைக் கீறியது. குனிந்து பார்த்தேன். இரும்பு கடையும்போது சுருண்டு விழும் துணுக்கு ஒன்று தோலுக்குள் புதைந்திருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. துடைத்த துணியில் சீழ் பட்டது.

"வலிக்கவில்லையா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எது சாமி? ஒன்றும் தெரியவில்லையே" என்றார் அவர்.

அந்தத் துணுக்கோடு அவர் எத்தனை நாள் நடந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. பதினோர் ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர் என்பது பின்னர் தெரிந்தது. அன்றிரவே மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். நோய்க்கிருமி எலும்பு வரை சென்றிருந்தமையால் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று, பாதம் தப்பியது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் காலையே இழந்திருப்பார் என்றார் மருத்துவர்.

அந்த மாலைக்குப் பிறகு மனிதருடைய பாதங்களை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். வாசகர்களாகிய நீங்களும் அவ்வாறு பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

சுமந்து செல்லும் ஏழை ஊழியர்

நம் உடலில் உள்ள எலும்புகள் 206. அவற்றுள் 52 எலும்புகள், அதாவது ஏறத்தாழக் கால் பங்கு, இரு பாதங்களில் மட்டும் இருக்கின்றன. இத்துணை நுட்பமாகப் படைக்கப்பெற்ற உறுப்பைப் போல் நாம் புறக்கணிக்கும் உறுப்பு வேறில்லை. முகத்திற்குக் கண்ணாடி உண்டு. பாதத்திற்குக் கண்ணாடி பிடிப்பவர் யார்? தலையானது கால்களைப் பார்த்து நீ எனக்குத் தேவையில்லை எனச் சொல்ல முடியாது என்று புனித பவுல் கொரிந்தியருக்கு உணர்த்தினார். நாமோ வாயால் சொல்லாததைச் செயலால் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

எங்கள் கெலவரப்பள்ளிப் பகுதி மக்களின் பாதங்கள் பலவகை உழைப்பைச் சுமப்பவை. தென்பெண்ணைக் கரை வயல்களில் சேற்றில் நிற்போர் உண்டு. ரோசாத் தோட்டங்களில் முள்ளிடையே நடப்போர் உண்டு. தொழிற்சாலைகளில் கனத்த காலணிக்குள் எட்டு மணி நேரம் வியர்வையில் ஊறி நிற்போரும் உண்டு. இவர்களுக்கு வரும் சாதாரணத் தொல்லைகளை முதலில் சுருக்கமாகக் காண்போம்.

சேற்றுப்புண்: விரல் இடுக்குகளில் வெளுத்து, அரித்து, தோல் உரிவது. இது பூஞ்சையால் வருவது. சேற்றில் நிற்பவருக்கு மட்டுமன்றி, ஈரக் காலுறையோடு காலணி அணிபவருக்கும் வரும். விரலிடுக்கை உலர்வாக வைப்பதும், பருத்திக் காலுறையை நாள்தோறும் மாற்றுவதும், மருத்துவர் தரும் களிம்பை அவர் சொன்ன நாள் வரை தடவுவதுமே இதற்கு வழி. அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு இது மீண்டும் மீண்டும் வருகிறது.

கால் ஆணி: ஓரிடத்தில் இடைவிடாமல் அழுத்தமும் உராய்வும் ஏற்படும்போது தோல் தடித்து, ஆணிபோல் உள்நோக்கி அழுத்துகிறது. மருத்துவர் கூரிய கத்தியால் வலியின்றிச் சீவி எடுத்துவிடுவார். ஆயினும் இறுக்கமான காலணியை மாற்றாவிடில் ஆணி திரும்பவும் வரும். பாதத்தில் வரும் மருவையும் ஆணி என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. அதற்குச் சிகிச்சை வேறு.

பித்தவெடிப்பு: பெயரில் பித்தம் இருப்பினும், தோல் வறட்சியும் குதிகாலின் மேல் விழும் பாரமுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையாகத் தேய்த்து, ஈரம் துடைத்தபின் எண்ணெயோ களிம்போ தடவி வந்தால் ஆறும். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் இவ்வாறு ஊறவைத்துத் தேய்க்கலாகாது.

குதிகால் வலி: காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். அடிப்பாதத்தில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தசைநார்ப் பட்டை நலிவதால் வருவது. கெண்டைக்காலை நீட்டிப் பழகும் பயிற்சியும், மெத்தென்ற அடித்தட்டும், பொறுமையும் மருந்துகள். பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் குணமாகும்.

நகம் சதைக்குள் வளர்தல்: நகத்தை ஓரங்களில் வளைத்து ஆழமாக வெட்டுவதன் விளைவு இது. நகத்தை நேராக வெட்டினால் போதும். முற்றிவிட்டால், மருத்துவர் விரலை மரத்துப்போகச் செய்து ஓரத்து நகத்தை மட்டும் நீக்குவார்.

மேலை நாடுகளில் பாதத்திற்கென்றே தனிப்பயிற்சி பெற்ற மருத்துவர்கள் உள்ளனர். நம் நாட்டில் அத்துறை இன்னும் பரவலாகவில்லை. தோல் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் அப்பணியைப் பகிர்ந்து செய்கின்றனர்.

மேற்சொன்னவை யாவும் வலியாலோ அரிப்பாலோ தம்மைத் தாமே அறிவிப்பவை. ஆதலால் அவற்றிற்கு நான் அஞ்சுவதில்லை. நான் அஞ்சுவது வலிக்காத புண்ணுக்கே.

தமியானின் கொதிநீர்

தொழுநோயாளரின் அப்போஸ்தலராகிய புனித தமியானை நம் குடும்பங்கள் அறியும். பெல்ஜிய நாட்டினரான அவர் 1873-ஆம் ஆண்டு மே மாதம் ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த மொலோக்காய்க்குச் சென்று, அங்கே ஒதுக்கப்பட்டிருந்த தொழுநோயாளருக்குத் தந்தையும் மருத்துவரும் தச்சருமானார். 1884-ஆம் ஆண்டு இறுதியில் ஒருநாள், களைத்துத் திரும்பிய அவர் தம் கால்களை வெந்நீரில் வைத்தார். நீர் கொதித்துக் கொண்டிருந்தது, தோல் கொப்புளித்தது. அவருக்கோ சுடவில்லை. தமக்கும் அந்நோய் வந்துவிட்டது என்பதை அவர் அதனாலேயே உறுதியாக அறிந்துகொண்டார். 1889 ஏப்ரல் 15-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 2009-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சுட வேண்டியது சுடாமற்போவது ஏன் இத்துணைக் கொடியது? இதற்கு விடை கண்டவர் நம் தமிழ் மண்ணில் பிறந்த ஒருவர். டாக்டர் பால் பிராண்டு 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில், அங்குப் பணியாற்றிய சீர்திருத்தச் சபைப் போதகர் குடும்பத்தில் பிறந்தார். 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி விழுகின்றன என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலம் அது. செங்கற்பட்டிலும் வேலூரிலும் நோயாளரைப் பொறுமையோடு கவனித்த அவர், அந்நம்பிக்கை தவறு என்று கண்டார். நோய் நரம்பைத் தாக்கி உணர்வைப் பறிக்கிறது. உணர்விழந்த மனிதர் முள்ளின் மேலும் நெருப்பின் மேலும் தம்மையறியாமல் நடக்கிறார். காயத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் நடந்து, தாமே தம் பாதத்தைத் தேய்த்து விடுகிறார். நோய் பறித்தது வலியை மட்டுமே. ஏனைய அழிவெல்லாம் வலியில்லாமையின் விளைவு.

காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது. புண்பட்ட பாதத்திற்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தை விலக்கியபோது, ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பித் தாங்கும் மென்மையான நுண்துளை ரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்று நம் மருத்துவமனைகளில் வழங்குவது அதுவே. காட்பாடியை அடுத்த கரிகிரியில் உள்ள தொழுநோய் மருத்துவ நிலையம் இப்பணியில் உலகிற்கே பள்ளியாக விளங்கியது. தொழுநோயோ இன்று கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகக் கூடியது. அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம்.

பிராண்டு அவர்களின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. ஒருமுறை இங்கிலாந்தில் நீண்ட இரயில் பயணத்திற்குப் பின், தம் குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றிக்கொண்டது என்று எண்ணி, இரவெல்லாம் கலங்கினார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், சுரீரென வலித்தது! பயணத்தில் ஒரு நரம்பு அழுந்தி மரத்திருந்ததே காரணம். அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி கூறினார். வலியை அகற்றும்படி நாள்தோறும் மன்றாடுகிறோம். வலியைத் தந்ததற்கு நன்றி கூறியவர் நம்மில் எத்தனை பேர்?

நம் வீட்டுக்குள் வந்த நோய்

1966-இல் அமெரிக்கா சென்ற பிராண்டு, கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, நீரிழிவு நோயாளரின் பாதங்களும் அதே வழியில் அழிவதைக் கண்டார். வேலூரில் கற்ற பாடம் அங்கே பயன்பட்டது. இன்று அப்பாடம் நமக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடி பேர் நீரிழிவு உள்ளவர்கள் என மதிப்பிட்டது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் இரண்டு கேடுகள் விளைகின்றன. பாதத்து நரம்புகள் நலிந்து உணர்வு குன்றுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்கி, புண் ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் வருவதில்லை. முன்னது புண்ணை மறைக்கிறது. பின்னது ஆறவிடாமல் தடுக்கிறது. எரிச்சலும் மதமதப்பும் தொடக்க அறிகுறிகள். "முன்பெல்லாம் கால் எரியும், இப்போது சரியாகிவிட்டது" என்று மகிழ்வோர் உண்டு. எரிச்சல் நின்றது நோய் நீங்கியதால்தானா, உணர்வே போனதாலா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

சோதனை மிக எளிது. மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் வளையும்வரை அழுத்துவர். அது 10 கிராம் அழுத்தம் தருவது. அதனை உணராவிடில் பாதம் காவலாளியை இழந்துவிட்டது என்பது பொருள். கணுக்காலின் இரத்த அழுத்தத்தையும் அளப்பர். புண் வந்துவிட்டால், இறந்த தோலை அகற்றி, கிருமியைக் கொன்று, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, மாவுக்கட்டோ தனிக்காலணியோ கொண்டு பாரத்தை விலக்குவர். தேவையானால் அடைபட்ட குழாயைத் திறப்பர். காலத்தோடு சென்றால் பெரும்பாலான கால்களைக் காக்கலாம்.

செலவுக்கு அஞ்ச வேண்டா. நீரிழிவு மருந்தை இல்லத்திற்கே கொணரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மருந்து கொணரும் ஊழியரிடம் பாதச் சோதனையையும் கேட்டறியுங்கள்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

1. இரவில் படுக்குமுன் இரு பாதங்களையும் அடிப்புறம் உட்பட நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிய இயலாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் பார்ப்பது அதனினும் நன்று.

2. கழுவியபின் விரலிடுக்குகளை உலரத் துடையுங்கள். எண்ணெயைக் குதிகாலுக்குத் தடவுங்கள். விரலிடுக்கில் தடவ வேண்டா.

3. உணர்வு குன்றியவர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாகாது. தமியானின் கொதிநீரை நினைவில் வையுங்கள்.

4. ஆணியைப் பிளேடால் அறுக்காதீர்கள். கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் அமிலம் உண்டு. நீரிழிவு உள்ளவர் அதனை ஒட்டலாகாது.

5. காலணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தபின் அணியுங்கள். புதுக் காலணியை மாலையில் வாங்குங்கள். அப்போதுதான் பாதம் சற்று விரிந்திருக்கும்.

6. சிறு கொப்புளமாயினும் அன்றே காட்டுங்கள். வலிக்கவில்லை என்பது தாமதிப்பதற்குரிய காரணமன்று, விரைவதற்குரிய காரணம்.

கோவிலும் நேர்ச்சையும்

பங்குத்தந்தை என்ற முறையில் இரண்டு சொற்கள்.

கோவில் வாயிலில் காலணியைக் கழற்றுவது நம் மரபு; அழகிய மரபு. ஆயினும் சித்திரை வெயிலில் கொதிக்கும் முற்றத்துக் கல், உணர்வற்ற பாதத்தைச் சுட்டுவிடும். ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டாயிற்று என்று ஆண்டவர் கற்பித்தார். ஆகவே, மருத்துவர் சொல்லியிருந்தால், கோவிலுக்கென்றே தூய செருப்பு ஒரு சோடி வைத்துக்கொண்டு அதனோடு உள்ளே வாருங்கள் என்று எங்கள் மக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவரைக் கண்டு முகம் சுளிப்பவர் தம் உள்ளத்தையே சோதித்துக் கொள்ளட்டும்.

வேளாங்கண்ணித் தாயை நாடி வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. நீரிழிவால் உணர்வு குன்றியவருக்கு அந்நடை ஆபத்தானது. நேர்ச்சையை மீறிவிடுவோமோ என்ற அச்சம் வேண்டா. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1196-ஆம் சட்டம், தனிப்பட்ட நேர்ச்சையினின்று தக்க காரணத்திற்காக விலக்களிக்கும் அதிகாரத்தைப் பங்குத்தந்தைக்கும் தந்துள்ளது. வேறொரு நற்செயலாகவும் அதனை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பங்குத்தந்தையிடம் மனம் திறந்து பேசுங்கள். காலை இழந்து வரும் பிள்ளையைக் காண எந்தத் தாய் விரும்புவாள்?

யூதாவின் அரசன் ஆசா பாதநோயால் வருந்தியபோது ஆண்டவரைத் தேடாமல் மருத்துவரையே தேடினான் என்று குறிப்பேட்டு நூல் குறைகூறுகிறது. இதைக் காட்டி மருத்துவம் வேண்டாம் என்பாரும் உளர். ஆண்டவரை மறந்ததே ஆசாவின் பிழை. மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் தெளிவாகக் கற்பிக்கின்றது.

லேத்துப் பட்டறைத் தொழிலாளி இப்போது எம்.சி.ஆர். செருப்பணிந்து திருப்பலிக்கு வருகிறார். இரவுச் செபமாலை முடிந்ததும் அவர் பேத்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாளாம். "சாமி, நீங்கள் வருடத்திற்கு ஒருமுறை பார்க்கிறீர்கள், இவள் தினமும் பார்க்கிறாள்" என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

நான் செய்வது போல் நீங்களும் ஒருவர்க்கொருவர் செய்யுங்கள் என்பதே அந்த வியாழன் இரவில் ஆண்டவர் இட்ட கட்டளை. அதனை நிறைவேற்ற நம் இல்லத்தில் ஒரு விளக்கும், சிறிது நீரும், குனியும் மனமும் போதும். இன்றிரவே தொடங்குங்கள்.