ஒளியும் கருவியும் – 12: தாமே திரும்பும் சக்கரங்கள்

கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்த கணம் முதல் மூன்றாவது முடிச்சு விழும் வரை புகைப்படக்காரருக்குக் கிடைக்கிற அவகாசம் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்கு மேற்படாது. அந்த அற்ப அவகாசத்தில், உயர்ந்த கைகளும் பறக்கிற அட்சதையும் எட்டிப் பார்க்கிற உறவினர்களின் தலைகளும் குறுக்கிட, நாற்புறமும் நெருக்குகிற கூட்டத்தினிடையே அவர் எடுக்கிற சில படங்களை நம்பித்தான் அந்தக் குடும்பத்தார் அவரை அமர்த்தியிருக்கிறார்கள் என்று சொன்னாலும் மிகையாகாது. அந்தப் படங்கள் கெட்டுப்போகிறபோது, திறமைக் குறைவோ கருவியின் பழுதோ காரணமாயிருப்பது அபூர்வம். எவருடைய முழங்கையிலோ, தம்முடைய இடுப்பு வாரிலேயோ உரசி, ஒரு சிறு சக்கரம் அவரறியாமல் ஒரு படி திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

ஃபிலிம் காலத்திலும் இந்த அபாயம் இருந்தது. ஆனால் திரும்பக்கூடிய உறுப்புகள் சொற்பம். 1976-ல் வெளிவந்து, சாதாரண ஸ்டூடியோக்காரர்களும் வாங்கக்கூடிய உறுதியான கருவி என்று பெயர் பெற்ற பென்டாக்ஸ் கே1000 காமிராவில், ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரம், லென்ஸில் அபெர்ச்சருக்கும் ஃபோகஸுக்கும் ஒவ்வொரு வளையம், ஏறக்குறைய இவ்வளவே. ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கிற எண்ணை மாற்ற வேண்டுமானால் ஷட்டர் சக்கரத்தின் விளிம்பை மேலே தூக்கித்தான் திருப்ப வேண்டும்; ஆகையால் அது தற்செயலாக மாறுவதற்கு இடமில்லை. ஷட்டர் வேகத்துக்கோ அத்தகைய காவல் கிடையாது. ஃப்ளாஷுடன் எடுப்பதற்கு அந்தக் காமிராவில் விநாடியில் 60-ல் ஒரு பங்கே உச்ச வரம்பு. கை பட்டு அது 250-க்குப் போய்விட்டால், ஃபிலிமுக்கு முன்னே பக்கவாட்டில் ஓடுகிற இரண்டு துணித் திரைகளில் முதலாவது முழுவதும் விலகுமுன்பே இரண்டாவது புறப்பட்டுவிடும். ஃப்ளாஷ் மின்னுகிற கணத்தில் இரண்டுக்கும் இடையே திறந்துள்ள பகுதியில் மட்டுமே அதன் வெளிச்சம் விழும். மணப்பெண் ஜகஜ்ஜோதியாக இருக்க, பக்கத்திலுள்ள மாப்பிள்ளை அந்தகாரத்தில் அமிழ்ந்திருப்பார். இந்த விபரீதமும் ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியவரும். இக்காலத்துக் காமிரா தனக்குரிய ஃப்ளாஷை அடையாளம் கண்டுகொண்டு வரம்பைத் தாண்டவிடாது என்றாலும், நடுமுனை மட்டுமுள்ள மலிவான ரேடியோ டிரிகரை மாட்டிக்கொண்டால் அந்தப் பழைய கறுப்புப் பட்டை இன்றைக்கும் படத்தில் வந்து உட்காரத்தான் செய்கிறது.

டிஜிட்டல் யுகம் சௌகரியங்களைப் பெருக்கியபோது கூடவே சக்கரங்களையும் பொத்தான்களையும் பெருக்கியது. 2008-ல் வெளிவந்த கேனன் 5டி மார்க் 2, படத்தின் தரத்தில் மிகவும் சிலாக்கியமான கருவி. ஆனால் அதன் மோடு டயலுக்குப் பூட்டு இல்லை. ஒளியின் கணக்கை முழுவதும் தம் பொறுப்பில் வைத்துக்கொள்கிறவர்கள் நாடுகிற ‘எம்’ நிலைக்கு அடுத்தபடியே ‘பி’ என்னும் பல்ப் நிலை இருந்தது. அதில், விரல் அழுத்தியிருக்கிற வரைக்கும் ஷட்டர் திறந்தே கிடக்கும். தோளில் தொங்கிய காமிராவின் டயல் ஒரு படி திரும்பினால் அடுத்த படம் ஆடை அசைவும் விளக்கொளியும் குழம்பிய ஒரு மேகமாகிவிடும். இதைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் சிலராயிருந்திருக்க முடியாது. ஏனெனில் 2010-ன் முடிவில் அந்த நிறுவனமே, நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினாலன்றித் திரும்பாத சக்கரத்தை, அமெரிக்காவில் 100 டாலர் கட்டணத்துக்கு மாற்றிப் பொருத்தித் தர முன்வந்தது. அதே ஆண்டில் வந்த 60டி பிறக்கும்போதே பூட்டுடன் பிறந்தது.

சக்கரங்களில் இரண்டு ஜாதி உண்டு என்பதை வாசகர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எண்கள் பொறித்த சக்கரம் ஒன்று. எண்ணே இல்லாமல் முடிவின்றிச் சுழல்கிற மின்னணுச் சக்கரம் மற்றொன்று. முதலாவதை ஒரு பார்வையிலேயே படித்துவிடலாம். ஆனால் காமிராவை அணைத்துவிட்டாலும் அது திரும்பிக்கொண்டிருக்கும். பின்னது அணைத்த காமிராவில் எவ்வளவு சுழன்றாலும் பலன் ஒன்றுமில்லை. ஆனால் உயிருள்ள காமிராவில் திரும்பிவிட்டால் மேலே பார்த்துக் கண்டுபிடிக்க அடையாளம் ஏதும் இராது. ஆகவே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போது காமிராவை அணைத்துக்கொள்வது நல்ல வழக்கமேயாயினும், எண் பொறித்த சக்கரங்களுக்கு அது ரக்ஷையாகாது.

பூட்டுகளிலும் தராதரம் உண்டு. 2014-ல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி1 காமிராவில் ஐ.எஸ்.ஓ. சக்கரத்தைத் திருப்ப, நடுப்பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு கையால் இயலாத காரியம். 2016-ல் வந்த எக்ஸ்-டி2 இதைத் திருத்தியது: ஒரு முறை அழுத்தினால் பூட்டு, மறுமுறை அழுத்தினால் விடுதலை. சோனி 2019-ல் ஏ7ஆர் 4 காமிராவில் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் சக்கரத்துக்கு இதே முறையைக் கைக்கொண்டது. என் அபிப்பிராயத்தில் இதுவே உத்தமமான முறை. எதைப் பூட்டுவது, எதை விடுவது என்ற தீர்மானம் எடுப்பவரிடமே இருக்கிறது.

ஆனால் எல்லாரும் மோடு டயலைப் பற்றியே கவலைப்படுவது கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு வாசலைத் திறந்துவைப்பது போலாகும். லென்ஸின் பக்கவாட்டில் ஆட்டோ ஃபோகஸுக்கும் மானுவலுக்குமாக ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறதே, அதுதான் என் கணக்கில் முதல் எதிரி. பையிலிருந்து உருவும்போது அது மானுவலுக்குத் தள்ளப்பட்டுவிட்டால், காமிரா சிறிதும் முணுமுணுக்காமல் படத்தைச் சொடுக்கிக்கொண்டே போகும். பின்புறத் திரையின் சின்ன உருவத்தில் எல்லாம் தெளிவாகவே தோன்றும். இரண்டு படி இருண்டுபோன படத்தை, ரா கோப்பாக எடுத்திருந்தால், பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெளிச்சம் மிஞ்சி வெள்ளை வேஷ்டியின் மடிப்புகள் அழிந்துபோனால் மீட்பது கஷ்டம். ஃபோகஸ் தவறிய முகத்தை மீட்கவே முடியாது. தொடுதிரையும் லேசுப்பட்டதன்று. இடக்கண்ணால் பார்க்கிறவர்களின் மூக்கு திரையில் பட்டு ஃபோகஸ் புள்ளியை மூலைக்கு நகர்த்திவிடும். அத்தகையவர்கள் திரையின் தொடுவுணர்ச்சியை நீக்கிவிடுவதே மேல்.

அந்தச் சுவிட்சுக்குப் பூட்டு இல்லாத லென்ஸ்களே அதிகமாகையால், டேப் ஒட்டுவதைத் தவிர வேறு உபாயமில்லை. விளையாட்டுப் படம் எடுப்பவர்களும் இரவு வானத்தைப் படம் எடுப்பவர்களும் இதை வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கிற கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் இளகிப் பிசினை விட்டுச் செல்லும். துணியாலான கேஃபர் டேப் சிலாக்கியம். அது கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் காயக் கட்டுக்கு விற்கிற பேப்பர் டேப் போதும். ஒரு முனையை மடித்து ஒட்டினால், வேண்டும்போது நகத்தால் பிய்த்துக்கொள்ளலாம்.

டேப்பினால் காக்க முடியாதவற்றை ஞாபகத்தினால் காக்கலாம். நம் ஞாபகத்தினால் அல்ல, காமிராவின் ஞாபகத்தினால். கேனனில் சி1, சி2 என்றும், நிக்கானின் டி7000, டி750 முதலியவற்றில் யு1, யு2 என்றும் உள்ள நிலைகளில், முகூர்த்தத்துக்கு வேண்டிய ஒளி அளவுகளை முன்கூட்டியே பதிந்துவைத்துக்கொண்டால், எது எப்படிக் குழம்பிக் கிடந்தாலும் ஒரே திருப்பில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். நிக்கானின் உயர்ரகக் காமிராக்களில் உள்ள ஷூட்டிங் பேங்குகளை இதே கணக்கில் சேர்த்துவிடலாகாது. நடுவில் செய்கிற மாறுதல்களையும் அவை அப்படியே ஏற்றுப் பதிந்துகொள்ளும்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஹோமப் புகையிலும் வீடியோக்காரர் திடீரென்று போடுகிற விளக்கிலும் ஷட்டர் வேகத்தையும் ஐ.எஸ்.ஓ.வையும் கணத்துக்குக் கணம் மாற்றிக்கொள்வதே இந்தத் தொழிலின் சாமர்த்தியம். அவற்றுக்குப் பூட்டுப் போடுவது தம் கையைத் தாமே கட்டிக்கொள்வதாகும். அவற்றைப் பரீக்ஷிக்க நம்முடைய சடங்கே அவகாசம் தருகிறது. மணப்பெண் கூறைப்புடவை உடுத்திவர உள்ளே போகிற வேளையில், “படம் எப்படி வந்திருக்கு, காட்டுப்பா” என்று வருகிற மாமாவிடம் காமிராவைக் கொடுத்துவிடாமல், கடைசிப் படம் ஒன்றை முழு அளவுக்குப் பெரிதாக்கி முகத்தின் தெளிவைப் பார்த்து, வியூஃபைண்டரின் அடியில் ஓடுகிற எண்களை ஒரு தடவை படித்துக்கொள்வதற்கு அரை நிமிஷம் போதும்.

வாசகர்களுக்கு இந்த வாரம் ஒரு சிறு வேலை. உங்கள் காமிராவின் சக்கரங்களும் சுவிட்சுகளும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, அதை வழக்கமான பையில் பத்துத் தடவை போட்டு எடுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். எது மாறியிருக்கிறதோ அதற்கு மட்டும் டேப் ஒட்டுங்கள்.