முகப்பு யாருக்கு உரியது?

வகுப்பில் முதலில் பேசுபவர் எவரோ, அவரே அன்றைய பாடத்தின் போக்கை அமைத்துவிடுவார் என்பது என் ஆசிரியப் பணி எனக்குக் கற்பித்த உண்மை. கைப்பேசியின் முகப்புத் திரைக்கும் அத்தகைய முதன்மை உண்டு. அதில் முதலில் கண்ணிற்படுவது எதுவோ, அதன் பின்னே நம் மனம் செல்கின்றது.

இதனை நன்குணர்ந்த ஃபேஸ்புக் நிறுவனம் 2013 ஏப்ரலில் 'ஃபேஸ்புக் ஹோம்' என்னும் செயலியை வெளியிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் முகப்பை மாற்றியமைக்கப் பிற நிறுவனங்களுக்கும் இடமுண்டு. அவ்வழியே அது நுழைந்தது. ஐபோனிலோ அதற்கு வழியில்லை. திரையை ஒளிரச் செய்த அக்கணமே நண்பர்களின் படங்களும் செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஏனைய செயலிகள் பின்னே ஒதுங்கின.

இம்முகப்புடனேயே எச்.டி.சி. ஃபர்ஸ்ட் என்னும் கைப்பேசியும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஈராண்டு ஒப்பந்தத்துடன் அதன் விலை 99 டாலர் 99 சென்ட். ஒரு திங்கள் நிறைவதற்குள் அது வெறும் 99 சென்ட் ஆயிற்று! தாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த முகப்பு பறிபோயிற்றே என்று பயனர் பலர் குறைகூறினர். முயற்சி தோற்றது.

ஆனால் அந்த ஆசை தோற்றதா? இல்லை. இன்று முழு முகப்பையும் கேட்க வேண்டியதில்லை. மணியோசையாகவும் சிவப்புப் புள்ளியாகவும் அறிவிப்புகள் வந்து அழைக்கின்றன. வாயிலைக் கேட்டவரை மறுத்த நாம், சாளரந்தோறும் எட்டிப்பார்ப்பவரை மறுக்கின்றோமா? ஒவ்வொரு செயலியின் அறிவிப்பையும் நிறுத்தும் வசதி கைப்பேசியிலேயே உண்டு. வேண்டாதவற்றை நிறுத்துங்கள், அகராதியை முன்னே வையுங்கள். உங்கள் கவனத்திற்கு நீங்களே தலைவர்களாகுங்கள்.