வலிக்காத புண்

"வலிக்கவே இல்லம்மா, சின்னப் புண்தான்."

கடந்த ஆண்டு செமஸ்டர் விடுமுறையில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் என்னிடம் சொன்னது இது. இடது காலின் சுண்டுவிரல் ஓரத்தில் இருபது காசு நாணயம் அளவில் ஒரு புண். அதன்மேல் அரைத்த வல்லாரையும் மஞ்சளும் பூசியிருந்தார்.

பாட்டி முப்பது ஆண்டுகள் கித்தா மரம் சீவியவர். உளி பட்டுக் கை கிழிந்தால், மலாயில் 'காப்பால் தெர்பாங்' எனப்படும் செடியின் இலையைக் கசக்கி வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்களாம். புண் ஆறுவதற்கு வல்லாரை. தோட்டத்து டிரஸ்ஸரைத் தேடிப் போனால் அன்றையச் சம்பளம் போய்விடும்.

நான் உயிர் மருத்துவ அறிவியல் மாணவி. இந்தச் செடிகளைப் பற்றித்தான் வகுப்பில் படைப்பு செய்திருந்தேன். காப்பால் தெர்பாங் இலைச் சாறு இரத்தம் உறைவதை விரைவுபடுத்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. வியட்நாமில் அதிலிருந்து தீப்புண் மருந்தே தயாரித்திருக்கிறார்கள். வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைடு என்ற பொருள், தோலைக் கட்டும் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது.

"நீங்க செய்றது ஆராய்ச்சியிலேயே இருக்கு பாட்டி" என்று பெருமையோடு சொன்னேன். பாட்டிக்கும் பெருமை. கிளினிக்குக்குப் போகலாம் என்று அம்மா சொன்னபோது, "பேத்தியே சொல்லிட்டா" என்று மறுத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் விரல் கறுத்தது. மருத்துவமனையில் அதை எடுத்துவிட்டார்கள்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில், சுத்திகரித்து அளந்து எடுத்த சாற்றைக் கொண்டு நடந்தவை. அம்மியில் அரைத்த இலையில் மண்ணின் கிருமிகளும் இருக்கலாம். அதைவிட முக்கியமானது, பாட்டிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர். உளி கிழித்த இளம் பெண்ணின் கையும் இந்தக் காலும் ஒன்றல்ல.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் கூடியிருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும். இரத்தக் குழாய்கள் குறுகும். கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறையும். "வலிக்கவே இல்ல" என்று பாட்டி சொன்னது நல்ல செய்தியல்ல, நோயின் அறிகுறி. புண்ணின் நிறம் மாறியதையும் மேலே பூசிய பச்சிலை மறைத்துவிட்டது.

இத்தகைய புண்ணுக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், அழுகிய சதையை அகற்ற வேண்டும், காலுக்கு இரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும், புண்மீது உடல் எடை விழாமல் காக்க வேண்டும். எந்த இலையாலும் இவை முடியாது. மருத்துவமனைகளிலும் புண்ணுக்குத் தேன் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்ட தேன், சமையலறைப் புட்டியில் இருக்கும் தேன் அல்ல.

2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடையேதான் அது அதிகம். ஆகவே இது என் பாட்டியின் கதை மட்டுமல்ல.

பாட்டி என்மேல் கோபப்படவில்லை. "உனக்கு என்ன தெரியும், நீ சின்னப் பிள்ளை" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என் வருத்தம். பாட்டியின் இலைகளைக் காப்பாற்ற நினைத்த நான் பாட்டியின் காலைப் பார்க்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் காணொளியில் அழைக்கிறேன். பாட்டி கைப்பேசியைப் பாதத்தின் பக்கம் திருப்பிக் காட்டுவார். கொல்லையில் வல்லாரை இன்னும் இருக்கிறது. இப்போது அது துவையலுக்குப் போகிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இனிப்பு நீர் உள்ள தாத்தா, பாட்டி இருந்தால், "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். "காலைக் காட்டுங்க" என்று கேளுங்கள். புண் இருந்தால் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.