ஆகாயத்தில் ஓர் இரட்டை மாட்டு வண்டி

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில், கடலை ஒட்டினாற்போல் இருக்கிறது திருவேட்டக்குடி. ஞானசம்பந்தர் பாடிய தலம். அர்ச்சுனனுக்கு அருள்புரிய இறைவன் வேடனாக வந்தார் என்பது இந்தக் கோயிலில் வழங்கிவரும் கதை. மாசி மகத்தன்று சுவாமி வேட வடிவிலே கடற்கரைக்கு எழுந்தருளுவார். அந்தப் பழைய ஊரிலேதான் புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. 2010-இல் தொடங்கிய கல்லூரி அது.

ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் கல்லூரி மணி. இப்படிப்பட்ட ஊரில் வளரும் ஒரு பையனோ பெண்ணோ அம்மாவிடம் வந்து, "இரண்டு மோட்டார் வைத்த ரேடியோ விமானம் வாங்கித் தாயேன்!" என்று கேட்டால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. திருவேட்டக்குடியில் மட்டுமா? உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி நாளைக்கே வரலாம்.

"ஆபத்தில்லையா? பணம் பாழாகாதா?" என்பீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுமுன், விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்டால், பிள்ளைக்குக் குரு நீங்களே ஆகிவிடலாம்!

பொம்மையா, யந்திரமா?

பார்வைக்குப் பொம்மை, உள்ளுக்குள் யந்திரம். இந்த வித்தைக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிறது. 1957-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர், 'ரேடியோ குவீன்' என்ற மாதிரி விமானத்தை மின்சார மோட்டாரால் பறக்கவிட்டு, ரேடியோவால் ஓட்டிக் காட்டினார். அந்நாளில் பாட்டரி கனம். மோட்டாருக்கோ பலம் போதாது. ஆகவே வெகுகாலம் வரையில் மாதிரி விமானக்காரர்கள் புகை கக்கும் சிறு எஞ்சின்களையே நம்பியிருந்தார்கள். லித்தியம் பாலிமர் பாட்டரியும், 'பிரஷ்' இல்லாத மோட்டாரும் வந்த பிறகுதான் நிலைமை தலைகீழாக மாறியது. இன்று எண்ணெய் நாற்றமும் இல்லை, காதைத் துளைக்கும் இரைச்சலும் இல்லை.

நம் தமிழ்நாட்டிலும் இந்தக் கலைக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டுவது பயிற்சியின் ஒரு பகுதி. பெண்களும் அதில் சேரலாம். நடிகர் அஜித்குமாருக்கு இதிலே உள்ள மோகம் ஊரறிந்த சங்கதி. 2018-இல் அவர், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியின் 'தக்ஷா' குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த, மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அதே கல்லூரியில்தான்.

மாடு ஒன்று படுத்துவிட்டால்...

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். "இரண்டு மோட்டார் என்றால் இரட்டைப் பாதுகாப்புத்தானே? ஒன்று நின்றால் மற்றொன்று இருக்கிறதே?" என்று பிள்ளை வாதாடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரட்டை மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாடும் சமமாக இழுக்கும் வரையில் வண்டி நேராகப் போகும். இடது மாடு திடீரென்று நின்றுவிட்டால்? வலது மாடு இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி இடப்புறமாகத் திரும்பிப் பள்ளத்தில் இறங்கும். விமானத்திலும் இதே கதைதான். இடது மோட்டார் நின்றால் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். இடது இறக்கை தாழும். அப்படியே சுழன்றுகொண்டு தலைகுப்புற விழும்.

அந்த நேரத்தில் புதிதாக ஓட்டுகிறவர் என்ன செய்வார்? "ஐயோ, விழுகிறதே!" என்று வேகத்தைக் கூட்டுவார். அதுதான் தப்பு. ஓடுகிற மாட்டைச் சாட்டையால் அடிப்பது போன்றது அது. வண்டி இன்னும் வேகமாகப் பள்ளத்தில் இறங்கும். புத்திசாலி வண்டிக்காரர் முதலில் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். அதுபோல, வேகக் குச்சியை உடனே கீழே இழுத்து இரண்டு மோட்டாரையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு மூக்கைச் சற்றே தாழ்த்தி, இறக்கைகளைச் சமமாக்கி, எதிரே உள்ள வெட்டவெளியில் மெல்லச் சறுக்கி இறக்கிவிடலாம். இரண்டு மோட்டார் விமானத்தில் கற்க வேண்டிய முதல் பாடம் இதுவே. மற்றதெல்லாம் பிறகு.

ஏன் ஒன்று மட்டும் நிற்கிறது?

இதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கையில் வைத்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டர், விமானத்தில் அதன் ஆணையைக் கேட்கும் ரிசீவர், ஒரு பாட்டரி, இரண்டு மோட்டார். மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். கடைக்காரர் இவற்றை 'இ.எஸ்.சி.' என்பார்.

பாட்டரி இறங்க இறங்க, அதைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பெட்டி தன் மோட்டாரைத் தானாகவே நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான்! ஆனால் இரண்டு பெட்டிகளும் ஒரே நொடியில் நிறுத்தும் என்பது என்ன நிச்சயம்? ஒன்று முந்திக்கொள்ளும். அவ்வளவுதான், ஒரு மாடு படுத்துவிட்டது! ஆகவே பெட்டிகள் இரண்டும் ஒரே தயாரிப்பாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் வேகக் குச்சியின் மேல்கோடியையும் கீழ்க்கோடியையும் ஒரே சமயத்தில் பழக்கிவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டரி தீரும்வரை ஓட்டவே கூடாது. ஐந்தில் ஒரு பங்கு மீதம் இருக்கும்போதே தரையிறக்கிவிட வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தப் பெட்டிகள் ரிசீவருக்கும் மின்சாரம் கொடுப்பவை. இரண்டும் ஒரே சமயத்தில் கொடுத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆகவே ஒன்றின் சிவப்புக் கம்பியை மட்டும் பிரித்து, நுனியில் டேப் சுற்றிவைப்பது வழக்கம்.

விசிறிகளிலும் கவனம் வேண்டும். ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுற்றினால் ஒன்றின் முறுக்கை மற்றொன்று ஈடு கட்டும். அதற்கு வலச்சுற்று விசிறி ஒன்றும் இடச்சுற்று விசிறி ஒன்றும் வாங்க வேண்டும். மோட்டார் தப்பான பக்கம் சுற்றுகிறதா? அதற்கு வரும் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும், திசை மாறிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

சமையலுக்கு அளவு எப்படியோ, இதற்கும் அப்படித்தான். நிதானமாகப் பறக்க, கிலோவுக்குச் சுமார் 220 வாட் வேண்டும் என்பது பழகியவர்கள் கணக்கு. விமானம் 1.2 கிலோ என்றால் சுமார் 260 வாட். மோட்டார் ஒன்றுக்கு 130 வாட். மூன்று அறை பாட்டரியின் அழுத்தம் 11.1 வோல்ட். ஆகவே முழு வேகத்தில் மொத்தம் 24 ஆம்பியர் அளவுக்கு ஓடும். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு. 20 ஆம்பியர் பெட்டி வாங்கினால் சூடேறாமல் சௌகரியமாக இருக்கும். 2200 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரி போட்டால், முழு வேகத்தில் நாலரை நிமிஷம். பாதி வேகத்தில் எட்டு, ஒன்பது நிமிஷம். இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும். பள்ளிக்கூடத்தில் கசந்த கணக்கு இங்கே இனிக்கும்!

அம்மாவின் இலாகா

இனிச் சொல்லப்போவது முழுக்க முழுக்க உங்கள் பொறுப்பு.

பாட்டரிதான் இந்த வித்தையில் மிகவும் கோபக்காரர். அடிபட்டாலும், உப்பினாலும், அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினாலும் தீப்பற்றும். மெத்தை மேல், சோபா மேல், திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றக் கூடாது. மொஸைக் தரையில், மணல் பரப்பிய மண் சட்டியில் வைத்து ஏற்றலாம். அறைகளைத் தனித்தனியாகக் கவனிக்கும் 'பாலன்ஸ்' சார்ஜர்தான் வேண்டும். மேலே சொன்ன பாட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் யாராவது விழித்திருந்து பார்க்க வேண்டும். இரவில் ஏற்றிவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. அப்பளம்போல் உப்பிய பாட்டரி எத்தனை விலை கொடுத்து வாங்கியதானாலும் இனி அது பறக்க வேண்டாம்.

அடுத்தது விசிறி. வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது. மைதானத்தில் எல்லோரும் விமானத்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த பின்னல் எதுவும் விசிறியின் பக்கம் போகக் கூடாது. முதலில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, அதன்பின் விமானத்தின் பாட்டரியை இணைக்க வேண்டும். அணைக்கும்போது முதலில் பாட்டரி, கடைசியில் டிரான்ஸ்மிட்டர்.

கடற்கரையில் காற்று

திருவேட்டக்குடி போன்ற கரையோர ஊரில் காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இரவில் தரை குளிர்ந்து, காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பொழுது ஏறி மணல் சுட ஆரம்பித்ததும், கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். இரண்டுக்கும் நடுவே காலையில் காற்று அடங்கியிருக்கும் சிறிது நேரம்தான் கற்றுக்கொள்பவருக்கு நல்ல நேரம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஒரு கிலோ விமானம் எம்மாத்திரம்? ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். எந்த நாளானாலும் காற்றை எதிர்த்தே ஏற்ற வேண்டும். காற்றை எதிர்த்தே இறக்க வேண்டும்.

மணலும் உப்பும் மோட்டாருக்குப் பகை. ஆகையால் நீர் விளிம்பை விட்டுத் தள்ளி, புல் உள்ள வெட்டவெளியாகப் பாருங்கள். வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், படகுத்துறை எல்லாம் மக்கள் பிழைக்கும் இடம். அங்கே பறக்கவிடக் கூடாது. மாசி மகத்துக் கூட்டத்தின் தலைக்கு மேலே நினைத்தும் பார்க்கக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் ஆகாயத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. பச்சைப் பகுதியில் அதிகபட்சம் 400 அடி உயரம். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது. 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறம் என்பதையும், விமானத்துக்குப் பதிவு வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

எப்படித் தொடங்குவது?

முதலில் விமானமே வேண்டாம்! டிரான்ஸ்மிட்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்து ஓட்டிப் பழகும் 'சிமுலேட்டர்' விளையாட்டு இருக்கிறது. அதில் ஆயிரம் தடவை விழுந்தாலும் காசு நஷ்டம் இல்லை. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தோன்றும். எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, முட்டுக்கொடுப்பது போல, என்று சொல்லிக்கொடுங்கள். தானாக வந்துவிடும்.

அடுத்து, இறக்கை மேலே அமைந்த, நுரைப் பொருளால் ஆன ஒற்றை மோட்டார் விமானம். அது கைக்குப் பழகிய பிறகே இரட்டை மோட்டார். இறக்கையின் அகலத்தில் முன்னிருந்து ஏறக்குறைய கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகத்துக்குள் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வாலில் கனம் இருந்தால் அடங்காது. ஒவ்வொரு நாளும் முதல் தடவை ஏற்றுமுன், ஒருவர் வாலைப் பிடித்துக்கொள்ள, இரண்டு மோட்டாரும் ஒரே குரலில் பாடுகின்றனவா என்று கேட்க வேண்டும். சுருதி பேதம் இருந்தால் அன்றைக்குக் கச்சேரி கிடையாது!

ஆகவே, பிள்ளை கேட்டால் "ஆகட்டும்" என்றே சொல்லுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள். "ஒரு மோட்டார் நின்றால் என்ன செய்வாய்?" என்று எப்போது கேட்டாலும், யோசிக்காமல் கை வேகக் குச்சியைக் கீழே இழுக்க வேண்டும். சாப்பிடும்போது கேளுங்கள், படிக்கும்போது கேளுங்கள். பத்துத் தடவை சரியாக இழுத்த பிறகு மைதானத்துக்குப் புறப்படுங்கள். அங்கே பிள்ளையின் கண் ஆகாயத்தில் இருக்கட்டும். உங்கள் கண் கடிகாரத்தில் இருக்கட்டும். ஏழாவது நிமிஷம், "போதும், இறக்கு!" என்று நீங்கள் குரல் கொடுத்தால், இரண்டு மாடுகளும் ஒன்றாகவே வீடு வந்து சேரும்.