முதலாளி தயவில்லாமல் கிரீன் கார்டு: இரு வழிகளும் ஒரு வரிசையும்

"பையன் கம்பெனியை நம்பாம தானே கிரீன் கார்டுக்குப் போட்டுட்டான்" என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா, அதனால் ஆகும் பயன் என்ன என்று கேட்கும் பெற்றோருக்காக இவ்விளக்கம்.

அமெரிக்காவில் வேலைவழி நிரந்தரமாகத் தங்க, பொதுவாக வேலை கொடுப்பவரே மனுச் செய்யவேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேர்ந்த நிபுணரும் ஆய்வாளரும் தாமே மனுச் செய்ய இரு வழிகள் உண்டு.

முதலாவது இ.பி.1ஏ. துறையின் உச்சியில் இருப்பவர்களுக்கானது. உலகறிந்த பெரும்பரிசு வேண்டும். இல்லையேல் விருது, ஆய்வுக்கட்டுரை, பிறர் ஆய்வை மதிப்பிட்டது, உயர்ந்த சம்பளம் முதலான பத்துவகைச் சான்றுகளில் மூன்றாவது வேண்டும். மூன்று இருந்தாலே போதாது. பிறகு மொத்தத்தையும் எடைபோட்டுப் பார்ப்பாங்க.

இரண்டாவது, இ.பி.2 பிரிவில் தேசநலன் விலக்கு. முதுகலைப் பட்டமோ, அதற்கு ஈடான தகுதியோ, தனித்திறனோ அடிப்படை. 2016 டிசம்பர் தீர்ப்புப்படி மூன்று கேள்விகள்: செய்யும் பணி நாட்டுக்கு முக்கியமா? அதைச் செய்து முடிக்க இவர் தக்கவரா? வேலை உத்தரவு கேட்காமல் விடுவதால் நாட்டுக்கு நன்மையா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மனு ஏற்கப்பட்டால் கார்டு கைக்கு வந்துவிடாது. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் சுமார் 7 சதவீதமே உச்சவரம்பு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி.2 வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது; தானே மனுச் செய்தாலும் அதே வரிசைதான். இ.பி.1 வரிசை குறுகியது, ஆனாலும் காத்திருக்கணும். அதற்குள் பிள்ளைக்கு 21 வயது கடந்தால், சட்டம் தரும் வயதுக்கழிவு போதாதபோது, பெற்றோர் மனுவின் பயன் அதற்குக் கிடைக்காது.

அப்படியானால் லாபம் என்ன? மனு ஏற்கப்பட்டால் வரிசையில் பிடித்த இடம் அவருடையது. கம்பெனி மாறினாலும் அது போகாது, பின்னாளில் இ.பி.1 கிடைத்தால் பழைய தேதியையே அங்கும் கொண்டுபோகலாம். ஆனால் அங்கே தங்கியிருக்க விசா தனியாக வேண்டும். கணவனோ மனைவியோ சிங்கப்பூரிலோ மஸ்கட்டிலோ பிறந்திருந்தால், அந்த நாட்டு வரிசையில் இருவரும் சேரலாம்; பார்க்கப்படுவது பிறந்த இடம், பாஸ்போர்ட் அல்ல.

கடைக்காரன் கணக்கில் சொன்னால், சரக்கின் தரம் வேறு, வண்டி வந்துசேரும் நாள் வேறு. பணம் கட்டுமுன் வக்கீலிடம் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். அமெரிக்க வெளியுறவுத்துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் வரிசை எந்தத் தேதியில் நிற்கிறதென்று நீங்களே பார்க்கலாம்; அதைப் பார்த்த பிறகே பேரப்பிள்ளைகளின் படிப்பு, வீடு பற்றி முடிவெடுங்கள்.