வாசற்படியில் நின்ற பிள்ளை

வைகாசி மாதம் முடியும் தறுவாயில் பள்ளிகள் திறக்கின்றன. ஒரு குழந்தையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பும் இல்லங்களில் அன்று சிறிய திருவிழாவே நடைபெறும். எங்கள் இல்லத்திலும் அவ்வாறே நடந்தது. மூத்தவளான பேத்திக்கு முந்தைய ஆண்டு விஜயதசமியன்று கூத்தனூரில் அட்சராப்பியாசம் செய்வித்திருந்தோம். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் வழியில், பூந்தோட்டத்தை ஒட்டியுள்ள அத்தலத்தை அன்பர்கள் பலரும் தரிசித்திருப்பார்கள். கலைவாணியே மூலவராக எழுந்தருளியிருக்கும் திருக்கோயில். ஒட்டக்கூத்தரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஊர். அங்கே பரப்பிய நெல்லில் அவளுடைய விரலைப் பிடித்து எழுதுவித்தபோது, அவள் தம்பி என் தோளில் உறங்கிக்கொண்டிருந்தான்.

பள்ளி திறந்த நாளில் புதுச் சீருடை, நெற்றியில் திருநீறு, விநாயகருக்கு ஒரு சிதறுகாய் என்று எல்லாம் முறையாக நடந்தன. தெருமுனையில் வேன் வந்து நின்றதும் வீடே அவள் பின்னால் சென்றது. கையசைத்து வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் கண்டேன். வாசற்படியில், அக்காளின் பழைய செருப்பைக் கால்மாற்றி அணிந்துகொண்டு, இரண்டேகால் வயதுப் பேரன் நின்றுகொண்டிருந்தான். தானும் புறப்பட்டுவிட்டதாக அவனுக்கு எண்ணம்.

மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். காலை ஒன்பது மணிக்குப் பிறகு வீட்டில் நானும் என் மனைவியும் அவனும் மட்டுமே. முன்பு இரு குழந்தைகள் இருந்தபோது பட்ட பாட்டில் பாதிதான் இனி இருக்கும் என்று நாங்கள் கணக்கிட்டிருந்தோம். அக்கணக்கு பிழையாயிற்று. இரு குழந்தைகள் இருந்தவரை அவர்களுக்கு ஒருவர் மற்றவர் இருந்தனர். இப்போது அவனுக்கு நாங்கள் மட்டுமே; எங்கள் முழங்கால்களோ அறுபதைக் கடந்தவை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சங்கடம் தொடங்கிற்று. அவன் இரு உள்ளங்கைகளையும் கண்களின்மேல் வைத்துக்கொண்டு, “கண்ணு, கண்ணு” என்று அழலானான். தூசி விழுந்ததோ என்று இமையை விலக்கிப் பார்த்தோம். தண்ணீர் தெளித்தோம். தாய்ப்பால் விடச் சொன்னார் பக்கத்து வீட்டு அம்மையார். அதெல்லாம் கூடாது என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மறுநாளும் அதே வேளை, அதே அழுகை. நான்காம் முறை அழுதபோது அஞ்சிப்போய்க் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணில் குறை ஏதும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அன்று மாலை பள்ளியிலிருந்து வந்த பேத்தியிடம், “உன் தம்பிக்குக் கண் வலிக்கிறதாம் அம்மா” என்றாள் பாட்டி. அக்குழந்தை சற்றும் யோசியாமல், “அவனுக்குச் சாமி கற்பூரம் ஒத்திவிடணும் பாட்டி. அவனுக்கு எட்டாதில்ல” என்றாள்.

வெட்கமாக இருந்தது எனக்கு. நாள்தோறும் பூசை முடித்துக் கற்பூர ஆரத்தி காட்டுபவன் நான். தட்டைப் பெரியவர்களிடம் நீட்டுவேன், பேத்தி ஒற்றிக்கொள்வாள். அவள் தன் சிறு கைகளை மீண்டும் சுடரின்மேல் காட்டித் தம்பியின் கண்களில் வைத்திருக்கிறாள். அதை ஓராண்டாக நான் கவனித்ததில்லை. என் வீட்டு ஆரத்தியை என் பேரன் பெற்றுவந்தது என் கையால் அன்று.

இதில் இன்னொன்றும் விளங்கிற்று. அவன் பேசியதில் பாதி எங்களுக்குப் புரிந்ததே இல்லை. “தண்ணி கேக்கறான்”, “பூனை போச்சாம்” என்று அவள்தான் இடைநின்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவள் சொன்னதைக் கேட்டோமேயன்றி அவன் சொன்னதைக் கேட்கவில்லை. மொழி தெரிந்த ஒரே துணை காலை எட்டரை மணிக்கு வேனில் ஏறிப் போய்விட்டால் அப்பிள்ளை என்ன செய்வான்? பள்ளிக்குச் சென்ற குழந்தை அழுததா, உண்டதா என்று நாள் முழுதும் கவலைப்பட்டோம். வீட்டில் இருந்த குழந்தையும் எதையோ இழந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

இராமாயண உபன்யாசங்களில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லக் கேட்டிருப்போம். தொட்டிலில் இட்ட இலக்குவன் ஓயாமல் அழுதானாம். எது செய்தும் அழுகை நிற்கவில்லை. இராமனின் தொட்டிலருகே கொண்டுபோய் விட்டதும் அடங்கிற்றாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வால்மீகி முனிவர் பாலகாண்டத்தில் சொல்வதோ இதன் மறுபக்கம். இலக்குவன் இல்லாமல் இராமனுக்கு உறக்கம் வருவதில்லை. இனிய உணவைக் கொண்டுவந்து வைத்தாலும் தம்பியின்றி அவன் உண்பதில்லை என்கிறார். இளையவனுக்கு மூத்தவன் வேண்டியிருந்தது போலவே மூத்தவனுக்கும் இளையவன் வேண்டியிருந்தான். விசுவாமித்திரர் வந்து கேட்டது ஒருவனைத்தான். காட்டுக்குச் சென்றவர்களோ இருவர். தசரதர் அவ்வாறு அனுப்பினார், முனிவரும் ஏற்றார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அதற்கு இசையாது!

பேத்தியும் முதல் வாரத்தில் உணவுப் பெட்டியில் பாதி கடலைமிட்டாயை மிச்சம் வைத்துக் கொண்டுவந்தாள். “பள்ளியில் கொடுப்பதை அங்கேயே தின்ன வேண்டும்” என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். அவ்வாறு சொல்லியிருக்க வேண்டியதில்லை.

முதியவர்களாகிய நாம் இந்நாட்களில் செய்யும் பிழைகள் சில உண்டு. நானும் செய்தேன். “அழாதே, அக்கா மூன்றரை மணிக்கு வந்துவிடுவாள்” என்று காலை ஒன்பது மணி முதலே சொல்லத் தொடங்கினேன். மூன்றரை மணி என்பது அவனுக்குத் தெரியாது. ‘வந்துவிடுவாள்’ என்பது தெரியும். ஆகவே வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆறரை மணி நேரத்தை வெறும் காத்திருப்பாக ஆக்கியவன் நானே. பிறகு கைப்பேசியில் முருகன் பாட்டுகளைப் போட்டுக் கொடுத்தோம். பக்திப் பாடல்தானே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. ஆனால் பாட்டு எதுவாயினும் குழந்தை பார்ப்பது திரையைத்தான். அதை வாங்கி வைத்ததும் எழும் அழுகையும் ஒன்றேதான். மூன்றாவது பிழை, நல்லெண்ணத்தால் செய்தது. அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போக வேண்டியவன்தானே என்று பலகையும் பல்பமும் வாங்கி அவனிடம் ‘அ’ எழுதிக் காட்டினேன். அவன் பல்பத்தைக் கடித்துப் பார்த்தான்.

நம் பிள்ளைத்தமிழ் நூல்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். தெய்வத்தையும் பெரியோரையும் குழந்தையாக்கிப் பாடும் அந்நூல்களில் பருவங்கள் பத்து. காப்பில் தொடங்கி, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று வளர்ந்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றோடு நிறைவுறும். மணல்வீடு சிதைப்பது, சிறு முரசு கொட்டுவது, நடைவண்டி போன்ற தேரை உருட்டுவது! பத்துப் பருவங்களில் பள்ளிக்குச் செல்லும் பருவம் ஒன்றுகூட இல்லை. கல்வியை நம் புலவர்கள் குறைவாக மதித்தார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். நிலவை விளையாட அழைக்கும் பருவத்தை நிலவை அழைப்பதற்கே விட்டுவைத்தார்கள். பலகையை நான் பரண்மேல் வைத்தேன்.

குமரகுருபரர் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அவர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று முருகன் திருமுன் வேண்ட, அவனருளால் வாய் திறந்து பாடினார் என்பது வரலாறு. பேச்சுத் தாமதமான குழந்தையுள்ள வீடுகளில் இதைச் சொல்லி ஆறுதல் கொள்வதுண்டு. ஆறுதல் தகும், அதைச் சொல்லிக்கொண்டு வாளா இருத்தல் தகாது. இரண்டு வயது கடந்தும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். செந்தூரானிடமும் வேண்டிக்கொள்ளலாம், ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று. எங்கள் பேரன் பேசினான். குறை கேட்பவர்களிடம் இருந்தது.

வழி காட்டியவர் பெரியாழ்வார் என்றே சொல்வேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்கு நந்தவனம் அமைத்து மாலை கட்டிச் சாத்துவது அவர் கைங்கரியம். அத்தோட்டத்தில் துளசிச் செடியின் அருகே ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார். குழந்தை வந்தது என்று கைங்கரியத்தை அவர் விட்டுவிடவில்லை. கைங்கரியம் இருக்கிறது என்று குழந்தையை ஒதுக்கவும் இல்லை. அவர் பூப்பறித்து மாலை தொடுத்த இடத்திலேயே கோதை வளர்ந்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு பொழுதுபோக்கை அவர் தேடியதாக நாம் கேட்டதில்லை.

அதுவரை நான் செய்துவந்தது இதற்கு நேர்மாறானது. அவன் விழிக்குமுன் பூசையை முடித்துவிடுவேன். அவன் பாட்டியோடு இருக்கும் நேரம் பார்த்துக் கோயிலுக்கு நழுவுவேன். இப்போது பூசையை ஒன்பதரை மணிக்கு மாற்றினேன். ஆரத்தித் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். என் கையைச் சுடரின்மேல் காட்டி அவன் கண்களில் வைத்தால் முதலில் திருப்தியில்லை. அக்காளின் கை சிறியது, என் கை அவன் முகத்தையே மூடிற்று. இரு விரல்களால் ஒற்றக் கற்றுக்கொண்டேன்.

ஆவணி வாக்கில் கொல்லையில் பவழமல்லி பூக்கத் தொடங்கிற்று. கீழே விழுந்த பூவைப் பூசைக்கு எடுப்பதில்லை என்பது பொது விதி. பவழமல்லிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் பூ அது. இரண்டடி உயரமுள்ள ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான கைங்கரியம் ஏது? குனியவே எனக்கு அரைநிமிடம் ஆகும். அவன் அதற்குள் பத்துப் பூ எடுத்துவிடுவான். எடுத்ததில் பாதி கசங்கும். கசங்கியதையும் பிள்ளையாருக்குச் சாத்துகிறோம். பிள்ளையார் இதுவரை குறை சொன்னதில்லை.

பத்து மணிக்கு மேல் மயூரநாதர் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறேன். தனியே போனால் பிராகாரத்தைப் பத்து நிமிடத்தில் வலம் வந்துவிடுபவன் நான். அவனோடு முக்கால் மணி ஆகிறது. முதலில் யானை, அதைக் கண்டு பயம், பிறகு அதைவிட்டு வர மறுப்பு. அப்புறம் நந்தியெம்பெருமானின் வாலைப் பார்க்க வேண்டும். ஒருநாள் கருங்கல் தளத்தில் எறும்புகள் ஒரு பருக்கைச் சாதத்தை இழுத்துச் செல்வதைக் குந்தி உட்கார்ந்து பார்த்தான். அவசரப்படுத்தலாம் என்று வாய் திறந்தவன், நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போய் எனக்கு ஆகவேண்டிய வேலை என்ன இருக்கிறது? அபயாம்பிகை சந்நிதியில் நடை சாத்துவதற்குச் சற்று முன்புதான் போய்ச் சேர்ந்தோம்.

எல்லா நாளும் இப்படி இனிதாகக் கழியும் என்று எண்ண வேண்டா. மழை பெய்த நாட்களில், என் மனைவிக்கு மூட்டுவலி கூடிய நாட்களில், கைப்பேசியை மீண்டும் எடுத்துக் கொடுத்ததுண்டு. அருகில் உள்ள மழலையர் கூடத்தில் விட்டுவிடுங்கள் என்று உறவினர் சொன்னபோது அதையும் ஆலோசித்தோம். உடல் இடங்கொடாத பெரியவர்களுக்கு அதில் குற்றமே இல்லை. எங்களுக்கு இன்னும் ஓராண்டு தள்ளிப்போடும் அளவு வலுவிருந்தது.

புரட்டாசியில் ஒரு வாரநாளில் அவனைச் சீகாழிக்கு அழைத்துச் சென்றோம். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிரம்ம தீர்த்தக் கரையில் அவனை நிறுத்தி, ஞானசம்பந்தப் பெருமான் கதையைச் சொன்னாள் பாட்டி. மூன்று வயதுப் பிள்ளை, நீராடச் செல்லும் தந்தையை விடாமல் அழுது பின்தொடர்ந்தது. சிவபாத இருதயர் வேறு வழியின்றி அழைத்துவந்து கரையில் அமர்த்திவிட்டு நீரில் மூழ்கினார். தந்தையைக் காணாத பிள்ளை தோணியப்பரின் சிகரத்தை நோக்கி அழுதது. இரண்டொரு நிமிடத்தில் தந்தை எழுந்துவிடுவார் என்பது இறைவனுக்குத் தெரியாததா? ‘இதோ வந்துவிடுவார்’ என்று விட்டுவிடவில்லை. உமையம்மையோடு விடைமேல் எழுந்தருளினார். அம்மை பொற்கிண்ணத்தில் பாலோடு ஞானத்தையும் குழைத்து ஊட்டினாள். கரையேறிய தந்தை, “யார் தந்த பாலை உண்டாய்?” என்று கோலெடுத்துக் கேட்டபோது, பிள்ளை விரலை உயர்த்திச் சுட்டிக் காட்டியது.

“எங்கே காட்டினார்?” என்றாள் என் மனைவி. பேரன் விரலை நீட்டிக் குளத்தில் இருந்த மீனைக் காட்டினான்.

சென்ற வாரம் ஒரு மாலை. பள்ளியிலிருந்து வந்த அக்காளின் கையைப் பற்றிக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டே, “பாமல்லி, பாமல்லி” என்று பரபரத்தான் அவன். அவள் நின்றாள். தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“தாத்தா, இவன் என்ன சொல்றான்?” என்று கேட்டாள்.